எச்சில் படாத பல்

அந்த வருடம் முழுக்க நான் எச்சில் துடைத்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன் மாமாவின் வாயில். பகலில் பள்ளிப் பிள்ளைகளின் வாயில். வேலை முடிந்து வந்ததும் மறுபடியும் மாமாவின் வாயில்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாயின் இடது ஓரம் மூடாது. அங்கிருந்து எச்சில் இறங்கிக்கொண்டே இருக்கும். சுங்கைப் பட்டாணியில் எங்கள் வரிசை வீட்டின் முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தோம். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் தெரு. விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்தத் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் கணவருக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. மாதத்துக்கு ஒரு முறை இரவு பஸ்ஸில் வருவார். அப்பாவின் காலைப் பிடித்துவிடுவார். துணிகளைத் துவைத்து மடித்துக்கொண்டு திரும்பிப் போவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எனக்கு நிறைய நேரம் இருப்பதாக எல்லாருக்கும் ஓர் எண்ணம். செர்டாங்கில் இருக்கும் நாத்தனார் போன் செய்யும்போதெல்லாம், "நீங்க இருக்கறதாலதான் அண்ணி நாங்க நிம்மதியா இருக்கோம்" என்பாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ யாரோ வெளியிலிருந்து கதவைப் பூட்டுவதுபோல இருக்கும்.

பகலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து மாமாவுடன் உட்காருவார். அவருக்கே முட்டிவலி. பேத்தியை டியூஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதால் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். கணவருக்குப் பக்கமாகப் போய்விடலாம் என்று, சிங்கப்பூரை ஒட்டி இருக்கும் ஜொகூருக்கு மாற்றல் கேட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கட்டும் என்றே பதில் வந்தது. ஆள் கிடைத்திருந்தாலும் மாமாவை என்ன செய்வது என்று நான் ஒருநாளும் முழுதாக யோசித்ததில்லை. யோசித்தால் அந்த ஒரு வழியும் அடைபட்டுவிடும் என்று பயந்தேன்.

நான் அரசாங்கப் பல் கிளினிக்கில் தெராபிஸ்ட். பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற வேலை. வருடத்தில் பல மாதங்கள் எங்கள் குழு பள்ளி பள்ளியாகப் போகும். மடக்கு நாற்காலி, காற்று மோட்டார், எச்சில் உறிஞ்சும் குழாய், விளக்கு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். என்னுடன் உதவியாளராக ஒரு மலாய்க்காரப் பெண் வருவார். என்னைவிட மூத்தவர். மலாய் வழக்கப்படி அவரைக் காக் என்று கூப்பிடுவேன். பிள்ளைகளோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்துவிட்டது.

நான் சொல்ல வந்த சமயத்தில் நாங்கள் கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருந்தோம். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்ட தோட்டம். லயத்து வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள்தான் குடியிருந்தார்கள். பிள்ளைகள் வெளியே இருக்கும் தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். எங்களுக்குக் கொடுத்தது உடைந்த மேசைகளும் விளையாட்டுச் சாமான்களும் போட்டு வைக்கும் அறை. ஒரே ஒரு சன்னல். செம்பனை மட்டைகள் அதை மறைத்துக்கொண்டு நின்றன. மோட்டார் ஓடத் தொடங்கினால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

அங்கே எங்களுக்கு முக்கிய வேலை சீலண்ட் போடுவது. ஆறேழு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். அதன் மேலே பிரஷ் நுழையாத வெடிப்புகள் இருக்கும். சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த வெடிப்புகளில் பிசின் மாதிரி ஒரு மருந்தை ஓடவிட்டு, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தால் போதும். ஊசி கிடையாது, குடைவது கிடையாது. மருந்தைக் கையில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் நகப்பூச்சா என்று கேட்பார்கள்.

ஆனால் பல் காய்ந்திருக்க வேண்டும். முதலில் நீல நிற அமில ஜெல்லைத் தடவிக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவுவோம். பிறகு காற்றடித்துக் காயவைத்தால் பல் சாக்கட்டி மாதிரி வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பு வந்ததிலிருந்து மருந்து இறுகுகிற வரைக்கும் ஒரு துளி எச்சில் அதன்மேல் படக்கூடாது. பட்டால் மருந்து பிடிக்காது. பிடித்த மாதிரி தெரியும், சில மாதத்தில் பெயர்ந்துவிடும். அதனால் கன்னத்துக்குள் ஒரு முக்கோண அட்டை, நாக்குப் பக்கம் ஒரு பஞ்சுச் சுருள், வெளிப்பக்கம் இன்னொன்று, உதட்டோரம் உறிஞ்சுகுழாய். என் இடது கை விரல் பஞ்சைப் பிடித்திருக்கும், வலது கையில் மருந்து. காக் காற்றடிப்பார். அந்த நேரத்தில் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. கொசு கடித்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். பிள்ளைக்கு வாயை மூட முடியாது, எனக்குக் கையை எடுக்க முடியாது. வேலைக்கு வந்த புதிதில் அது எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அந்த வருடம் மட்டும், பல் வெளுத்த அந்தக் கணத்தில் என் நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. கையை உருவிக்கொண்டு எழுந்து அந்த அறையைவிட்டு ஓடிவிட வேண்டும்போல இருக்கும். ஓடியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பள்ளியில் முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி வந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. நாற்காலியில் ஏறும்போதே வாய் திறந்திருந்தது. கீழே வலப்பக்கப் பல் நன்றாக முளைத்திருந்தது. இடப்பக்கம் பல்லின் பின்பாதியை ஈறு இன்னும் மூடியிருந்தது. மேலே இரண்டும் நல்ல பற்கள். வெடிப்புகள் மட்டும் ஆழம்.

"ஊசி போடுவீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

"இல்லலா. பெயிண்ட் மட்டும்தான்."

"சக்கிட்டா?"

"வலிக்காது. கொஞ்சம் புளிக்கும்."

நாற்காலியைச் சாய்த்தேன். பஞ்சு வைத்தேன். அவள் நாக்கு உடனே வந்து பஞ்சைத் தள்ளியது. மறுபடி வைத்தேன். எச்சில் ஊறி ஊறி வந்தது. குழாய் உறிஞ்ச உறிஞ்ச அடியில் ஊற்றுத் திறந்ததுபோல இருந்தது. ஜெல் தடவி, கழுவி, காயவைத்து, பல் வெளுத்துத் தெரிந்த சமயத்தில் அவள் விழுங்கினாள். பல் முழுவதும் நனைந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை அவள் கை மேலே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சின்னக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"கைய எடும்மா. கீழ வை," என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்திருக்க வேண்டும். அவள் அழ ஆரம்பித்தாள். காக் மோட்டாரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தாப்பாலா, பரவால்ல. நாளைக்குப் பார்க்கலாம்," என்றார்.

அன்று மாலை மாமாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். பிறகு வாய் சுத்தம் செய்ய வேண்டும். இடது கன்னத்துக்குள் எதுவும் இருப்பது அவருக்குத் தெரியாது. கஞ்சி அங்கேயே தங்கிவிடும். துடைக்காவிட்டால் நாற்றமெடுக்கும், புண் வரும். மாமாவுக்கோ நான் அதைச் செய்வதில் கூச்சம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் நேருக்கு நேர் பேசியதே குறைவு. சாப்பாடு வேண்டுமென்றால்கூட, "சாப்பாடு ஆச்சான்னு கேளு" என்று மகனிடம் சொல்வார், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும். இப்போது அவர் வாய்க்குள் என் விரல்.

ஈரத்துணியைச் சுற்றிய விரலை உள்ளே விட்டதும் அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். காலையில் அந்தப் பிள்ளை பிடித்த அதே இடம். வலித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன மாமா இது? நான் என்ன உங்கள கொல்லவா போறேன்?"

அவர் ஏதோ சொல்ல முயன்றார். உதடு கோணிக்கொண்டு போனது. எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னார்.

"மு... முழு... குறேன்."

முழுகுகிறாராம். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மல்லாந்து படுக்கவைத்து இவருக்கு வாய் கழுவாதீர்கள், தண்ணீரும் எச்சிலும் தொண்டைக்குப் போய்விடும் என்றார். அவசரத்தில் அன்று நான் தலையணையை உயர்த்தியிருக்கவில்லை. அவரைத் தூக்கி உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். எச்சில் கன்னத்தோரமாகத் துண்டில் இறங்கியது. அவர் கை தளர்ந்தது. நான் துடைத்து முடிக்கும்வரை சும்மா இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண்ணிலும் நீர் இருந்தது.

இரவு படுத்தபோது அந்தப் பிள்ளையின் திறந்த வாய் ஞாபகம் வந்தது. நாற்காலியில் ஏறும்போதே திறந்திருந்த வாய்.

மறுநாள் அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டு வரச் சொன்னேன். வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள். நான் போய் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடு பாப்போம்."

மூடினாள். கன்னம் உப்பியது. கண் பெரிதானது. உடனே வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

"எப்பவுமே இப்படியா?"

தலையாட்டினாள்.

சளி இல்லை. மூக்கே அடைத்திருந்தது. மூச்சு விட அவளுக்கு இருந்தது வாய் ஒன்றுதான். அதில் நான் பஞ்சையும் அட்டையையும் குழாயையும் விரலையும் திணித்து, மல்லாக்கப் படுக்கவைத்து, கையைக் கீழே வை என்று அதட்டியிருக்கிறேன்.

நாற்காலியை நிமிர்த்தினேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் எங்களுக்குச் சிரமம். எச்சில் தொண்டைப் பக்கம் போகாமல் கீழ்ப்பற்களைச் சுற்றித்தான் தேங்கும். அதனால்தான் சாய்த்துப் போடுவோம். பாதிக்கு மேல் நிமிர்த்தி, அவள் தலையை இடது பக்கம் திருப்பச் சொன்னேன். எச்சில் இடது கன்னத்தில் தேங்கினால் குழாயை அங்கே போட்டுவிட்டு வலப்பக்கப் பல்லைக் காப்பாற்றலாம். நான் நின்றுகொண்டு, முதுகை வளைத்து, கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"மூச்சு முட்டுச்சுன்னா கைய தூக்கு. நான் எல்லாத்தயும் எடுத்துடுவேன்," என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

அவள் சோதித்துப் பார்த்தாள். பஞ்சு வைத்ததும் கையைத் தூக்கினாள். எல்லாவற்றையும் எடுத்தேன். மறுபடி வைத்தேன், மறுபடி தூக்கினாள். எடுத்தேன். காக் சிரித்தார். மூன்றாவது தடவை அவள் கையைத் தூக்கவில்லை. மேலே வலது பல்லை முடித்தோம். பிறகு மேலே இடது. இடையிடையே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள், தண்ணீர் குடித்தாள், சன்னலுக்கு வெளியே ஓணானைக் காட்டினாள். கடைசியாகக் கீழே வலது பல்லுக்கு வந்தோம்.

ஜெல் வைத்துக் கழுவியாகிவிட்டது. காக் காற்றடித்தார். பல் வெளுத்தது. அப்போது என் சீருடையின் பக்கப்பையில் போன் அதிர்ந்தது.

பகலில் என்னைக் கூப்பிடுகிற ஆள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மட்டும்தான். காரணமில்லாமல் கூப்பிடமாட்டார். அதிர்ந்து நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. என் இடது விரல் பஞ்சை நாக்குக்கு எதிராக அழுத்திக்கொண்டிருந்தது. வலது கையில் மருந்து. விட்டால் எல்லாம் நனைந்துவிடும். அவள் இன்னொரு தடவை ஒத்துக்கொள்வாள் என்பது நிச்சயமில்லை. அவள் கண் என்மேலேயே இருந்தது. கை மடியிலேயே இருந்தது. என்னை நம்பி அதைத் தூக்காமல் வைத்திருந்தாள்.

தொடையை ஒட்டி அந்தப் போன் விடாமல் அதிர்ந்ததை இன்றும் என்னால் உணர முடிகிறது. மாமாவுக்கு மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன். கட்டிலில் அவர் கோணலாகக் கிடப்பதைப் பார்த்தேன். மருந்தை வெடிப்பில் ஓடவிட்டேன். கூர்க்கருவியின் முனையால் அதிலிருந்த குமிழியை எடுத்தேன். காக் விளக்கைக் காட்டினார். அந்த நீல வெளிச்சம் அணைகிறவரைக்கும் நான் மூச்சுவிட்டேனா என்று தெரியாது.

கையுறையைக் கழற்றியதும் கூப்பிட்டேன்.

"அவரு கட்டில்லேருந்து வுழுந்துட்டாரும்மா," என்றார் ஆன்ட்டி. அழுதுகொண்டே பேசினார். "என்னால தூக்க முடியல. எதுத்த வீட்டுச் சீனரும் அவரு மருமகனும் வந்து தூக்கிப் போட்டாங்க. மண்டைல அடி இல்ல. ஆனா ஒரே அழுகையா அழுவுறாரு. நீ வந்துடும்மா."

"நீ போ," என்றார் காக். ஆனால் எப்படிப் போவது? என் கார் கிளினிக்கில் நின்றது, எங்களை இறக்கிவிட்ட வேனும் அங்கே திரும்பிவிட்டது. பள்ளி முடிகிற நேரத்துக்குத்தான் மறுபடி வரும். தோட்டத்துக்குள் வாடகைக் காரும் வராது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். செம்மண் சாலை செம்பனைக்குள் நுழைந்து வளைந்து மறைந்தது. அந்த அறை வாசலில் நின்று அதைப் பார்த்தபோது, இந்த வருடம் முழுக்க நான் இங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில் சிறுமியின் அம்மா வந்தார். முதல் நாள் பிள்ளை அழுததைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருக்கிறார். கிலாங்கில் தரும் சீருடைச் சட்டை போட்டிருந்தார். சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை வேலை, மதிய ஷிப்ட். மகள் ஓடிப்போய் வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். காக் என்னைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

"ஏறுங்க மிஸ்ஸி. நான் அங்கதான போறேன்," என்றார்.

பழைய சின்னக் கார். கண்ணாடி இறங்காது, குளிர்காற்றும் வராது. செம்மண் சாலையைத் தாண்டினோம். பிறகு அவராகவே ஆரம்பித்தார். பேசும்போது ஒரு கையால் வாயை லேசாக மறைத்துக்கொண்டார்.

"பெரியவளுக்கு ஒம்பது வயசுலயே கடவாய்ப்பல்லு ரெண்டு போச்சு மிஸ்ஸி. மொகமெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். பால்பல்லுன்னு வுட்டுட்டோம். இவளுக்காவது இருக்கட்டும்னுதான். நேத்து அழுதான்னு கேட்டதும் எனக்கு வேலையே ஓடல. வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"அவ மேல தப்பு இல்ல. மூக்கு அடைச்சிருக்கு. தூங்கறப்ப எப்படி?"

"வாயத் தொறந்துகிட்டுதான். கொறட்டை வேற. சின்னப் புள்ள கொறட்டை வுடறான்னு நாங்க சிரிப்போம்."

"சிரிக்காதீங்க. கிளினிக்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. மூக்குக்குப் பின்னால சதை வளந்திருக்கலாம்."

அவர் சரி என்றார். சிறிது நேரம் கழித்து, "வீட்டுல நீங்க மட்டும்தானா?" என்று கேட்டார்.

சொன்னேன். எதிரில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"தெரியும். மாசாமாசம் வர்றாரே."

"வர்றது வேற மிஸ்ஸி. அவரு ஒரு நாளு தனியாப் பாத்திருக்காரா?"

எங்கள் தெருவுக்குத் திரும்பும் வழியைக் காட்டினேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று உடனே போய்விட்டார்.

மாமா கட்டிலில் கிடந்தார். சரோங் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒரு லாரி வந்து நின்றதாம். அதைப் பார்க்க மாமா எம்பியிருக்கிறார். அப்படியே சரிந்துவிட்டார். நான் அவருக்கு உடை மாற்றிவிட்டேன். முகம் துடைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்ன வுட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத," என்றார் ஆன்ட்டி. "ஆனா இனிமே என்னால தனியா முடியாதும்மா. எனக்கே ஒருத்தர் வேணும்."

அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கணவரைக் கூப்பிட்டேன். ஓவர்டைமில் இருந்தார். பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம்.

"அடி ஒண்ணும் இல்லல்ல? அப்புறம் என்ன? மாசக் கடைசில வர்றேன்," என்றார்.

"இந்த வாரம் வாங்க."

"லீவு கேக்க முடியாதும்மா. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா எனக்கு முடியல."

"இன்னும் கொஞ்ச நாளு..."

"முடியலைங்க. மூச்சு முட்டுது. நான் சொல்றது ஒங்களுக்குக் கேக்குதா? மூச்சு முட்டுது."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முடியவில்லை என்று நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

"சரி. வர்றேன்," என்றார்.

நான் அவசர விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். வியாழக்கிழமை இரவு பஸ் ஏறி வெள்ளி விடிகாலையில் வந்து சேர்ந்தார். எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். வெள்ளியன்று எங்கள் மாதா கோயிலிலிருந்து ஒருவர் மாமாவுக்கு நற்கருணை கொண்டுவந்தார். முழு அப்பத்தை விழுங்க முடியாது. ஒரு துணுக்கைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைப்பார்கள். அது இறங்குகிறவரைக்கும் நாங்கள் எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்போம். அன்று என் கணவரும் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

சனிக்கிழமை காலையில் கார் சாவியை எடுத்துக்கொண்டேன்.

"எங்க போற?"

"தஞ்சோங் டாவாய்க்கு."

"அங்க என்ன?"

"ஒண்ணும் இல்ல."

உண்மையிலேயே அங்கே எனக்கு எதுவும் இல்லை. ஊர் முடிந்து ஆற்று முகம் வருகிற இடம். அதற்கப்பால் சாலை கிடையாது. படகுத்துறைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு ஒரு கடையில் உட்கார்ந்தேன். கருவாடு காய்கிற வாசனை. படகுகள் ஆற்றிலிருந்து கடலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. என் கைகள் மேசைமேல் கிடந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். அப்படி இல்லை. வீட்டில் என்ன நடக்கிறதோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிப்போனது.

மதியம் போன் வந்தது.

"அப்பா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. கஞ்சி உள்ளயே நிக்குது. நீ வா."

"ஒக்காரவச்சிருக்கீங்களா, படுக்கவச்சிருக்கீங்களா?"

"படுத்துத்தான் இருக்காரு."

"தூக்கி ஒக்காரவைங்க. முதுகுக்கு ரெண்டு தலகாணி. மொகத்த பக்கத்துல திருப்பி, கன்னத்துக்குக் கீழ துண்டு வைங்க. அவரு கைய புடிச்சுக்காதீங்க. கை சும்மா இருக்கட்டும். வேணாம்னா தூக்கச் சொல்லுங்க. தூக்கினா ஒடனே வெரல எடுத்துடுங்க."

"நீ வந்து செஞ்சுடேன். நான் கஞ்சி ஊட்டிட்டேன்ல?"

"சாயங்காலம் வர்றேன்."

வைத்துவிட்டேன். எழுந்து காரில் ஏறிவிடலாமா என்று இரண்டு மூன்று தடவை நினைத்தேன். ஏறவில்லை. நான் மீ கோரெங் வாங்கிச் சாப்பிட்டேன். ஆற்றுத் தண்ணீர் ஏறியதைப் பார்த்தேன். இருட்டுவதற்கு முன்தான் கிளம்பினேன்.

வீட்டில் விளக்கு எரிந்தது. மாமா தூங்கிக்கொண்டிருந்தார். என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் கஞ்சி.

"எவ்வளவு நேரம் தெரியுமா?" என்றார். "ஒரு வாய் தொடைக்க எவ்வளவு நேரம் தெரியுமா?" அழுகிறாரோ என்று பார்த்தேன். அழவில்லை. தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கைய தூக்கிகிட்டே இருந்தாரு. நான் எடுத்துகிட்டே இருந்தேன். கடைசில அவரே தொறந்தாரு."

அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டுபோய் ஊறப்போட்டேன்.

அவர் திரும்பிப் போனார். ஆனால் போன மாதிரியே திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து, பக்கத்தில் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். அதற்கு முன்பே பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ள ஓர் இந்தோனேசியப் பெண்ணை வைத்தோம். நாத்தனாரும் வாரக் கடைசியில் வந்து தங்க ஆரம்பித்தாள். அவளை அழைத்தது நானில்லை. அவள் அண்ணன்தான். போனில் அவளிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சிறுமியின் இடப்பக்கக் கீழ்ப்பல்லை, நான் விடுப்பு முடிந்து திரும்பிய வாரத்தில் பார்த்தேன். ஈறு மூடிய பல்லை எப்படிப் பிடித்தாலும் காயவைக்க முடியாது. பின்னாலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிசின் மருந்து சரிப்படாது. கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும் சிமெண்டைக் குழைத்து வெடிப்பில் வைத்து விரலால் அழுத்தினேன். நிரந்தரமில்லை. ஈறு விலகுகிறவரைக்கும் தாங்கினால் போதும். அடுத்த வருடம் அதே பள்ளிக்குப் போனபோது மேலே இரண்டும், கீழே வலதும் அப்படியே இருந்தன. இடப்பக்கச் சிமெண்ட் பாதி போயிருந்தது. ஆனால் பல் முழுதாக வெளியே வந்திருந்தது, சொத்தை இல்லை. மூக்குச் சதைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துக் காத்திருப்பதாக அவள் அம்மா சொன்னார். அன்று அந்தப் பல்லுக்கும் சீலண்ட் போட்டேன். அதற்குள் அவள் பஞ்சுச் சுருளைப் பிடிப்பதில் தேறிவிட்டாள். தன் விரலாலேயே பிடித்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தாள்.

இப்போது காலையில் மாமாவின் வாயைச் சுத்தம் செய்வது என் கணவர். மாலையில் நான். மாமா இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் வாயைத் திறக்கிறார். மாற்றல் கேட்பதை விட்டுவிட்டேன். போக வேண்டிய காரணம் இல்லாமல் போய்விட்டது. நெஞ்சடைப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள், பல் வெளுத்துத் தெரியும்போது, இரண்டு கையும் ஒரு பிள்ளையின் வாய்க்குள் இருக்கும்போது, அது வருகிறது. வந்தால் காக்கிடம் சொல்கிறேன். அவர் ஒரு விரலை நீட்டிப் பஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். நான் கையை எடுத்து, நிமிர்ந்து, ஒரு மூச்சு விட்டுவிட்டு, மறுபடி வைக்கிறேன்.